இல்லத்தில் திருவருகைக் காலம்

(நமது சங்கத்தின் டிசம்பர் மாதக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கரக்பூரில் பார்சல் ரசீது எழுதியும் மூட்டைகளை எண்ணியும் வரும் ஒரு குமாஸ்தாவை மேடையேற்றிப் பேசச் சொன்னது, சங்கத்தார் என்மீது வைத்துள்ள அன்பைக் காட்டுகிறதேயன்றி என் தகுதியைக் காட்டுவதன்று. சென்ற மாதம் நம் செயலாளர் அவர்கள் என்னிடம், "உங்கள் வீட்டு வாசலில் டிசம்பர் பிறந்ததும் காகித நட்சத்திரம் ஏறிவிடுகிறது. பண்டிகையோ இருபத்தைந்தாம் தேதி. இடையில் இத்தனை நாட்கள் வீட்டுக்குள்ளே என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "இங்கே வேண்டாம், கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்" என்று கூறி என்னை மாட்டிவிட்டார். கேட்ட கேள்விக்கு விடை சொல்லவே நிற்கிறேன். பிரசங்கம் செய்வது என் வேலையன்று; அதற்கு உரியவர்கள் வேறு இருக்கிறார்கள்.

கிறிஸ்தவத் திருச்சபையின் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று தொடங்குவதில்லை. கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளில் முதல் ஞாயிறன்றே அது தொடங்குகிறது. நவம்பர் 30ஆம் தேதி அப்போஸ்தலனாகிய அந்திரேயாவின் நாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறே அந்த முதல் ஞாயிறு. ஆகவே அது நவம்பர் 27க்கு முன் வருவதில்லை. டிசம்பர் 3க்குப் பின் வருவதுமில்லை. இக்காலம் சில ஆண்டுகளில் 28 நாட்கள் நீளும். சில ஆண்டுகளில் 22 நாட்களிலேயே முடிந்துவிடும். லத்தீன் மொழியில் 'அட்வெந்துஸ்' என்றால் வருகை என்று பொருள். தமிழில் திருவருகைக் காலம் என்கிறோம். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு 'அட்வெந்து' என்று சொன்னால்தான் நாவில் இனிக்கும்.

இது கொண்டாட்டக் காலம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இது காத்திருக்கும் காலம். வந்தவரை நினைப்பதும், மீண்டும் வருவார் என்று எதிர்நோக்குவதும், அதற்குத் தக்கபடி உள்ளத்தையும் வீட்டையும் ஒழுங்குபடுத்துவதுமே இதன் நோக்கம். ஐந்தாம் நூற்றாண்டிலேயே பிரான்ஸ் தேசத்தின் தூர் நகரத்தில், நவம்பர் 11 முதல் கிறிஸ்து பிறப்புவரை வாரத்தில் மூன்று நாட்கள் உபவாசம் இருக்கும் முறை ஏற்பட்டிருந்தது. நம் காலனியிலுள்ள கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவ அன்பர்கள் டிசம்பர் முதல் தேதி தொடங்கி இன்றும் இருபத்தைந்து நாள் நோன்பு காக்கிறார்கள். ஆலயங்களில் இந்நாட்களில் ஊதா நிறத் திரை தொங்குவதும் மனந்திரும்புதலுக்கு அடையாளமாகவே.

இதை உங்களுக்கு நான் விளக்கவும் வேண்டுமோ? இக்காலம் நம் கணக்கில் கார்த்திகையின் பிற்பகுதியிலும் மார்கழியின் தொடக்கத்திலும் விழுகிறது. எங்கள் அடுத்த குவார்ட்டர்ஸிலுள்ள மாமி மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்து, கோலமிட்டு, திருப்பாவை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். எதிர்வரிசையிலுள்ள பாய் வீட்டில் ரமலான் மாதம் முழுவதும் சூரியன் மறையும் வேளைக்காகக் குடும்பமே ஒரு விரிப்பில் அமர்ந்திருக்கும். பண்டிகைக்குமுன் காத்திருக்க வேண்டும், அதையும் கூடியிருந்து செய்ய வேண்டும் என்பதை நம் முன்னோர் எல்லாரும் அறிந்தே இருந்தார்கள்.

அறியாமல் இருந்தவன் நான் ஒருவனே. அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது.

நான் 2003ஆம் ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தேன். என் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர். இங்கிருந்து சென்னை போய், அங்கிருந்து திருநெல்வேலி போய், திருச்செந்தூர் வண்டியில் ஏறி நாசரேத் நிலையத்தில் இறங்கவேண்டும். ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். ஒவ்வோராண்டும் கிறிஸ்து பிறப்புக்கு ஊருக்குப் போய்விடுவது என் வழக்கம். முன்பதிவு சில ஆண்டுகளில் 120 நாட்களுக்கு முன்பே திறக்கும். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாட்களாயிற்று. ஆகவே ஆகஸ்டு மாதத்திலேயே எங்கள் வீட்டில் பண்டிகைப் பேச்சு தொடங்கிவிடும். டிக்கெட் உறுதியாயிற்றா, விடுப்பு கிடைக்குமா, யாருக்கு என்ன துணி, எத்தனைப் பெட்டி என்பதே பேச்சு. டிசம்பர் 22 அல்லது 23ஆம் தேதி வீடு போய்ச் சேருவேன். பயணக் களைப்பு என்று படுத்துவிடுவேன். அன்றிரவு குடும்ப ஜெபத்துக்கு என் தாயார் அழைத்தால், "நீங்கள் நடத்துங்களம்மா, நான் படுத்துக்கொண்டே கேட்கிறேன்" என்பேன்.

2019ஆம் ஆண்டு புறப்படும் நாளில் தாயார் என்னிடம், "நீ பண்டிகைக்கு வாரே, ஐயா. பண்டிகைக்கு முந்தின ஒரு மாசத்துக்கு நீ வந்ததே இல்லையே" என்றார்கள். ரயில்வேக்காரனுக்கு ஒரு மாத விடுப்பு யார் தருவார் என்று சிரித்துவிட்டு வண்டியேறினேன். அவர்கள் விடுப்பைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த ஆண்டு நடந்ததை நாம் எல்லாரும் அறிவோம். 2020 மார்ச்சில் பயணிகள் வண்டிகள் நின்றன. டிசம்பரில் சிறப்பு ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன, முயன்றிருந்தால் போயிருக்கலாம். ஆனால் நாள்தோறும் நூறு பேர் தொட்ட மூட்டைகளைத் தொடும் நான், நோயைக் கொண்டுபோய் 74 வயதுத் தாயாரிடம் சேர்த்துவிடுவேனோ என்று அஞ்சினேன். வரவில்லை என்று தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி, அப்படியானால் இந்த வருஷம் முதல் தேதியிலிருந்தே வந்துவிடு. ராத்திரி எட்டரைக்குப் போனைப் போடு. லூக்காவை வாசிப்போம்" என்றார்கள்.

லூக்கா எழுதின சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள் உள்ளன. டிசம்பர் முதல் தேதி தொடங்கி நாளுக்கோர் அதிகாரமாக வாசித்தால் இருபத்து நான்காம் தேதி இரவு முடிந்துவிடும். இருபத்தைந்தாம் தேதி காலையில் மீண்டும் இரண்டாம் அதிகாரத்துக்குத் திரும்பிப் பிறப்பின் வரலாற்றை வாசித்துவிட்டு ஆலயத்துக்குப் போவது எங்கள் ஊரில் என் தாயாரின் முறை.

முதல் நாள் பட்ட பாட்டை என்னென்பது! லூக்காவின் முதலதிகாரத்தில் 80 வசனங்கள். என் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது, மகளுக்கு ஒன்பது. இருவரும் ஆங்கிலவழிப் பள்ளியில் படிப்பவர்கள். தெருவில் வங்காளமும் இந்தியும் சரளமாகப் பேசுவார்கள். தமிழில் பேசவும் தெரியும். வாசிக்கத் தெரியாது. தெரியாது என்பதே எனக்கு அன்றிரவுதான் தெரிந்தது. மகன் எழுத்துக் கூட்டிக் கூட்டி ஐந்து வசனம் வாசிப்பதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. நான் புத்தகத்தைப் பிடுங்கப் போனேன். தொலைபேசியில் தாயார், "விடு ஐயா, பிள்ளை வாசிக்கட்டும். நமக்கு என்ன அவசரம்? இருபத்தைந்துதானே பண்டிகை" என்றார்கள். ஆசாரியனாகிய சகரியா ஆலயத்துக்குள் தாமதித்ததையும், வெளியே ஜனங்கள் அவனுக்காகக் காத்திருந்ததையும் பற்றிய பகுதி அது. நாங்களும் காத்திருந்தோம். மூன்றாம் அதிகாரத்தில் வரும் வம்ச வரலாற்றின் பெயர்களை மகள் தட்டுத்தடுமாறி வாசித்தபோது, ஆச்சியும் பேத்தியும் இரு முனைகளிலும் சிரித்த சிரிப்பு இன்றும் என் காதில் ஒலிக்கிறது. இருபத்து நான்காம் நாள் மகன் பதினைந்து வசனங்களை நிறுத்தாமல் வாசித்தான். எந்த டியூஷனும் கொடுக்காத பயிற்சியை அந்த இருபத்து நான்கு இரவுகள் கொடுத்தன.

அன்று தொடங்கி எங்கள் வீட்டில் திருவருகைக் காலம் நடைபெறும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் ஞாயிறு மாலையில் ஒரு தாம்பாளத்தில் பசுந்தழையை வட்டமாகச் சுற்றி, நான்கு மெழுகுவர்த்திகளை நிறுத்துகிறோம். முதல் வாரம் ஒன்று, இரண்டாம் வாரம் இரண்டு, இப்படியாக நான்காம் வாரம் நான்கும் எரியும். இவ்வழக்கம் தோன்றிய விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தருகே யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற பாதிரியார், ஆதரவற்ற ஏழைச் சிறுவர்களுக்காக 1833இல் ஓர் இல்லம் தொடங்கினார். பிள்ளைகள், "பண்டிகை இன்றைக்கா, நாளைக்கா?" என்று நாள்தோறும் அவரைத் துளைத்தெடுத்தார்களாம். 1839ஆம் ஆண்டில் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, அதன்மீது ஞாயிறுகளுக்காக நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும், மற்ற நாட்களுக்காகச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் நட்டு, நாளுக்கொன்றாக ஏற்றச் செய்தார். வீடில்லாத பிள்ளைகள் எண்ணிக்கொண்டே காத்திருக்கக் கற்றார்கள். தொடக்கம் ஒரு வண்டிச் சக்கரம் என்றால், ரயில்வே வீட்டில் அதற்கு இடமில்லாமற் போகுமா?

அந்நாட்டில் ஊசியிலை மரத்தின் கிளையைச் சுற்றுவார்கள். கரக்பூரில் அதற்கு எங்கே போவது? நம் காலனிச் சாலையோரத்து நெட்டிலிங்க மரத்தை வங்காளிகள் 'தேப்தாரு' என்றழைக்கிறார்கள். தேவதாரு என்ற பெயராவது இருக்கிறதே என்று அதன் தழையையே சுற்றிவிடுகிறோம். மூன்று ஊதா மெழுகுவர்த்தியும், மகிழ்ச்சியின் ஞாயிறாகிய மூன்றாம் ஞாயிறுக்கு ஓர் இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தியும் வேண்டும் என்பது முறை. கோல் பஜாரில் வெள்ளைதான் கிடைத்தது. என் மனைவி அவற்றுக்கு வண்ண ரிப்பன் கட்டி முறையைக் காப்பாற்றிவிட்டாள்.

அடுத்தது குடில். மாட்டுத் தொழுவத்தை டிசம்பர் முதல் தேதியே அமைத்துவிட்டாலும், முன்னணையைக் காலியாகவே விடுகிறோம். யோசேப்பு, மரியாள் பொம்மைகள் வீட்டின் மறுகோடியிலுள்ள அலமாரியில் நிற்கும். நாள்தோறும் பிள்ளைகள் அவற்றைச் சிறிது தூரம் நகர்த்துவார்கள். யோசேப்பு புறப்பட்ட ஊர் நாசரேத்து என்று வாசித்ததும் என் மகள், "நம்ம ஆச்சி ஊரா?" என்று கேட்டாள். கலிலேயாவிலுள்ள நாசரேத்திலிருந்து பெத்லகேம் 100 கிலோமீட்டருக்கு மேல் என்று சொன்னேன். அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அலமாரிக்கும் தொழுவத்துக்கும் இடையே பாலேஸ்வர், பத்ரக், கட்டக், புவனேஸ்வர், பிரம்மபூர், விசாகப்பட்டினம், விஜயவாடா என்று நிலையங்களைச் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டாள். இன்றளவும் எங்கள் வீட்டுப் பரிசுத்த குடும்பம் கோரமண்டல் பாதையிலேதான் பயணம் செய்கிறது.

மூன்றாவதாகக் கைப்பிடி அரிசி. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் போட்டுவைத்து ஆலயத்துக்குக் கொடுப்பது திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்களின் பழைய வழக்கம். எங்கள் வீட்டில் இம்மாதம் நால்வரும் நாளுக்கொரு பிடி போடுகிறோம். இருபத்து நான்கு நாளில் ஏறக்குறைய நாலு கிலோ சேருகிறது. பெரிய தருமம் என்று இதைச் சொல்லமாட்டேன். ஆனால் யாருக்குக் கொடுக்கலாம் என்று பிள்ளைகள் ஒரு மாதம் யோசிக்கிறார்கள். அக்கம்பக்கத்தை உற்றுப் பார்க்கிறார்கள். அதுதான் வேண்டியது.

நான்காவது பலகாரம். இதை மட்டும் கடைசி வாரத்துக்குமுன் தொடங்குவதில்லை. முந்திரிக்கொத்துக்கு எங்கள் ஊரில் கருப்பட்டிப் பாகு வைப்பார்கள். நல்ல கருப்பட்டி இங்கே அரிது. ஆயின் டிசம்பர் மாதத்தில் ஈச்ச மரத்துப் பதநீரிலிருந்து காய்ச்சிய புதுவெல்லம் வந்துவிடுகிறதல்லவா? வங்காளத்தார் 'நொலேன் குர்' என்று கொண்டாடும் அதைப் பக்கத்து வீட்டு அம்மையார் கொண்டுவந்து தர, அதில் பாகு வைத்தோம். பனையின் மணம் வேறு, ஈச்சின் மணம் வேறு என்றாலும், பிள்ளைகளுக்கு இதுவே பண்டிகையின் மணமாகிவிட்டது. அந்த அம்மையார் வீட்டிலும் அந்நாளைப் 'பொரோதின்', பெரிய நாள், என்று சொல்லிக் கேக் வாங்குகிறார்கள்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, இரவு பத்து முதல் ஆறு என்று மாறி மாறி வேலை பார்க்கும் நமக்கு, 'தினமும் எட்டரை மணி' என்பது ஏட்டுச் சுரைக்காய். தொடக்கத்தில் நான் பணியிலிருந்த நாட்களில் மனைவியும் பிள்ளைகளும் மட்டும் வாசித்தார்கள். என் தாயார் அதற்கு உடன்படவில்லை. "நேரத்தை மாற்று, ஆளைக் குறைக்காதே" என்றார்கள். அதன்பின் ரோஸ்டர் வந்தவுடன் அதைப் பார்த்து ஜெப வேளையைக் குறித்து, சமையலறைக் கதவில் ஒட்டிவிடுகிறோம். மாலைப் பணி வாரத்தில் விடிகாலை ஐந்தரை மணிக்கு வாசிப்பு. பிள்ளைகள் போர்வையைப் போர்த்திக்கொண்டே வந்து அமர்வார்கள். சில நாள் அமர்ந்தபடியே தூங்குவார்கள். எல்லா நாளும் வென்றோம் என்று சொல்ல மாட்டேன். சென்ற ஆண்டு மூன்று நாட்கள் தவறின. மறுநாள் இரண்டு அதிகாரமாக வாசித்து ஈடுசெய்தோம்.

என் தாயார் 2021 ஆகஸ்டில் காலமானார்கள். அந்த ஒரு திருவருகைக் காலந்தான் நாங்கள் கூடி வாசித்தது.

ஊரில் காரியங்கள் முடிந்து திரும்பும்போது அவர்களுடைய வேதப்புத்தகத்தை எடுத்துவந்தேன். அவ்வாண்டு டிசம்பர் முதல் தேதி அதில் லூக்காவைத் திறந்தேன். முதலதிகாரத்தின் ஓரத்தில் பென்சிலால் ஆண்டும், அதனருகே ஓர் எண்ணும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. 1994 என்று எழுதி 6. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் 6. பிறகு 5. நான் வேலைக்கு வந்த 2003இல் 4. தங்கைக்குத் திருமணமான பின் 3. தம்பி மும்பைக்குப் போன பின் 2. தகப்பனார் மறைந்த 2011 முதல் 1, 1, 1 என்று ஒன்பது ஆண்டுகள். அவை அன்றிரவு வாசிப்புக்கு அமர்ந்தவர்களின் எண்ணிக்கை என்பதை உணரச் சற்று நேரம் ஆயிற்று. இருபத்திரண்டாம் தேதி வந்து படுத்துக்கொண்டே கேட்டவன் அக்கணக்கில் எங்கும் இல்லை.

கடைசி வரி 2020. அதனருகே 5 என்று எழுதியிருந்தார்கள். தாயார் ஒருவர், இங்கே நாங்கள் நால்வர். 2,200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் எழுத்துக் கூட்டியவர்களையும் அமர்ந்தவர்களாகவே அவர்கள் எண்ணியிருந்தார்கள்.

அதன் கீழே நான் 2021 என்று எழுதி, 4 என்று எழுதினேன். அன்று முதல் ஆண்டுதோறும் எழுதிவருகிறேன். என் மகன் இப்போது பள்ளியிறுதி வகுப்பில் இருக்கிறான். அடுத்த டிசம்பரில் எந்த ஊர்க் கல்லூரியில் இருப்பானோ தெரியாது. எண் மூன்றாகிவிடுமே என்று என் மனைவி அன்றொரு நாள் கண் கலங்கினாள். அவன்தான், "ஆச்சி நம்மை எண்ணினார்களே, நீங்கள் என்னை எண்ணமாட்டீர்களா? ரோஸ்டரை மட்டும் எனக்கு அனுப்பிவையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்பர்களே! எங்கள் வீட்டு வழக்கத்தை நீங்கள் எல்லாரும் மேற்கொள்ளவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவரவர் வீட்டுக்கு அவரவர் விளக்கும் புத்தகமும் உண்டு. ஆனால் பிறந்த மண்ணைவிட்டு இத்தனை தொலைவில் வாழும் நாம், பண்டிகை என்றால் ஊரில்தான், இங்கே இருப்பது வெறும் வேலை என்று நினைத்துவிடுகிறோம். பதினொரு மாதமும் டிக்கெட்டுக்காகக் காத்திருக்கிறோம். நம் பிள்ளைகளுக்கோ இந்தக் காலனிதான் ஊர். அவர்கள் நம்மோடு அமர்ந்து, நம் மொழியில், ஒன்றுக்காகக் காத்திருக்கும் வேளை இந்த வீட்டிலேயே இருக்கவேண்டும். அதற்கு விடுப்பு வேண்டியதில்லை. அரைமணி நேரம் போதும். என் தாயார் இதைச் சொன்ன அன்றே எனக்கு விளங்கியிருந்தால், அந்த ஒன்றுகளில் சிலவற்றையாவது ஐந்தாக்கியிருப்பேன். உங்களில் யாருக்கேனும் ஊரில் பெற்றோர் இருந்தால், இன்றிரவே தொலைபேசியை எடுக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

நட்சத்திரத்தின் கீழே உள்ள வாசற்கதவு இம்மாதம் முழுவதும் உங்களுக்காகத் திறந்தே இருக்கும். வாசிப்பு வேளையில் வந்தால் ஓரமாக அமரலாம். கடைசி வாரத்தில் வந்தால் முந்திரிக்கொத்தும் கிடைக்கும்.